தோற்ற பாடங்களின் நோட்டு

ஒரு கையில் சாக்பீஸ் டப்பா, மறு கையில் அதன் மூடி, முழங்கால்வரை சேறு. ஆசிரியத் தொழிலில் என்னை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் முதலில் தெரிவது இந்தக் கோலம்தான். எண்பதுகளின் நடுவில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் ஆசிரியர் வேலை. சேர்ந்து முழுதாய் ஒரு மாதம் ஆகவில்லை. ஆனி மாதத்துச் சாரல் நூல் நூலாய் இறங்கிக்கொண்டிருக்க, பள்ளிக்குப் பின்னாலிருந்த வயல் வரப்பில் நான் தவளை பிடித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கியபடி, “சார், அங்கன ஒண்ணு கெடக்கு சார்”, “இங்கன பெருசு சார்” என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே என் நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பாடக்குறிப்பு நோட்டு. வாரம் முழுக்க எதை நடத்தப் போகிறோம், எப்படி நடத்துவோம், எதைக் காட்டி நடத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி, திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டு. எனக்கு முன் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் தன்னுடையதை எனக்கு விட்டுப் போயிருந்தார். அவர் தனக்கு முன்னிருந்தவருடையதைப் பார்த்து எழுதியவர். அந்த முன்னவர் யாரைப் பார்த்து எழுதினாரோ, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி, முதலில் இயற்றியவர் யாரென்று தெரியாது. ஞாயிறு மாலைகளில் ரேடியோ கேட்டபடி நான் அதைப் பிரதி எடுப்பேன். கைக்கு வேலை, மூளைக்கு விடுமுறை. அந்த வாரத்துப் பக்கத்தில் ‘துணைக்கருவி: உயிருள்ள தவளை ஒன்று’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது எனக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பைப் பார்க்க வந்த தலைமையாசிரியர்தான் நோட்டைப் புரட்டிவிட்டு, “தவளை எங்கவே?” என்று கேட்டார். வெளியே இருக்கிறது சார் என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

மூடியை நான் திறந்ததும், கொண்டு வந்த தவளை நேரே அவர் மடியில் போய் உட்கார்ந்தது. அன்று அந்த வகுப்பு அடைந்த ஆனந்தத்தை அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் நான் எந்தப் பாடத்தாலும் கொடுத்ததில்லை. தலைமையாசிரியர் சிரிக்கத் தெரியாதவர் அல்லர். பள்ளிக்கூட நேரத்தில் சிரிப்பதில்லை என்று வைத்திருந்தார். கைக்குட்டையால் வேட்டியைத் துடைத்துக்கொண்டு, வராந்தாவுக்கு வந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். “நீரு எழுதுனதை நீரே வாசிக்க மாட்டீராவே?”

அவமானம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பார்கள். என்னை அது வீம்புக்காரனாக்கியது. இனி இந்த நோட்டில் நடக்காத எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். நடக்காததை எழுதாமலிருக்க ஒரே வழி, நடந்த பிறகு எழுதுவதுதான். அன்றிலிருந்து பாடம் முடிந்த பின்பே குறிப்பு எழுதினேன். ‘காற்றழுத்தம். தம்ளர் நிறையத் தண்ணீர், மேலே அட்டை, கவிழ்த்தால் கொட்டாது என்றேன். கொட்டியது. மாணவர் மகிழ்ச்சி. பாடம் தோல்வி.’ இன்னொரு பக்கம்: ‘ஒளிச்சேர்க்கை. ஒன்பது நாளாய் வெயிலே இல்லையே, செடி பட்டினியாகக் கிடக்குமா என்று மூன்றாம் பெஞ்சுச் சிறுமி கேட்டாள். பதில் தெரியவில்லை. அதட்டி உட்கார வைத்தேன். பாடம் தோல்வி. நாளை ஒப்புக்கொள்ள வேண்டும்.’

மறுநாள் ஒப்புக்கொண்டேன். வகுப்பே சேர்ந்து இரண்டு தொட்டிச் செடிகளைத் தாழ்வாரத்தில் வைத்தோம், ஒன்றைப் பெட்டியால் மூடி, ஒன்றைத் திறந்தபடி. சாரல் விட்டபாடில்லை. திறந்திருந்த செடி பச்சையாக நின்றது. பெட்டிக்குள் இருந்தது வெளுத்துப்போனது. மேகத்தைத் தாண்டியும் வெளிச்சம் வந்து வேலை செய்கிறது என்று சொன்னது நானல்ல, அந்தச் சிறுமி. நோட்டைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது: பாடம் தோற்ற இடங்களில் எல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அங்கேயும் பாடம் நடத்தியவர்களேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒவ்வொரு திங்களும் மற்றவர்களின் நோட்டுகளில் பச்சை மையில் ‘பார்வையிடப்பட்டது’ என்று விழும். என்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பார். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. இதில் வேடிக்கைக்கு இடமில்லாத ஒரு விஷயம் இருந்தது. எனக்கு இரண்டு வருடத் தகுதிகாண் பருவம். அது நல்லபடி முடிந்ததாக எழுதினால்தான் வேலை நிலைக்கும். எழுதப்போகிற ஆய்வு அதிகாரி தை மாதம் வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு புது நோட்டை நீட்டினார். உமக்கு முன்னிருந்தவரின் பழைய நோட்டைப் பார்த்துச் சுத்தமாக ஒன்று எழுதிவிடும், நான் உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அவர் அளவில் அது பெரிய இறக்கம். முடியாது சார் என்றேன்.

“வேலை போயிரும்வே.”

“போட்டும் சார். வாசிக்காம எழுதுனா தவளைதான் வருது.”

துணிச்சலாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு அந்தப் புது நோட்டை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். ஆனாலும் அது என் மேசைமேல் எழுதாமலே கிடந்தது.

அதிகாரி வந்தார். என் நோட்டில் பத்துப் பக்கம் வாசித்தார். பதில் தெரியவில்லை என்று ஓர் ஆசிரியரே எழுதி வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். தெரியவில்லையே சார் என்றேன். அது அவர் கேள்விக்குப் பதிலா, நோட்டில் இருந்ததற்கு விளக்கமா என்று எனக்கே தெளிவில்லை. அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். இந்த நோட்டை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? இல்லை என்றால் குற்றம் முழுக்க என் தலையில். ஆமாம் என்றால் பாதி அவர் தலையில். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருடமே பாக்கி.

“மத்தவுக நோட்டுல எல்லாம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுருதேன் சார்” என்றார் தலைமையாசிரியர். “இதை மட்டும் வாசிச்சுட்டேன். அதான் போட முடியலை.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது எனக்கு. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது தலைமையாசிரியருக்கு. வேலை போகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நான் பழைய வழியிலேயே எழுதினேன். அவரும் கடைசிவரை அந்த நோட்டில் கையெழுத்துப் போடவேயில்லை, வாசிப்பதையும் விடவில்லை. ஓய்வு பெற்ற நாளில், மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு எனக்கு யாருவே சொல்லுவா?” என்று கேட்டார். பள்ளிக்கூட நேரம் முடிந்திருந்ததால் சிரிக்கவும் செய்தார்.

இப்போது நான் தலைமையாசிரியர். திங்கட்கிழமைகளில் என் மேசைக்கு வருவன அச்சடித்த பாடக்குறிப்புகள். படமும் கட்டமுமாய் அழகாயிருக்கின்றன. ஒருவரும் ஒரு பாடத்திலும் தோற்பதில்லை. பாதியைப் படிக்காமல்தான் கையெழுத்திடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவி வந்த புதிதில், என் பணிப்பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர், ‘தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிப்பு’ என்று சிவப்பு மையில் இருந்த ஒரு வரியைக் கண்டு பதறிப்போனார். தப்புத்தண்டா ஏதும் உண்டா என்று பக்குவமாக விசாரித்தார். அப்புறம், விளக்கம் எழுதி மேலே அனுப்பினால் பக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்துவிடலாம், பார்ப்பவர் கண்ணை உறுத்தாது என்றார். அந்தப் பதிவேட்டில் என் பட்டம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, எடுத்த விடுப்பெல்லாம் இருக்கிறது. நான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

“உறுத்தட்டும், அது மேல கை வைக்காதீரும்” என்றேன்.