டிரான்ஸ்போர்ட் வரிசையில் வின்சென்ட்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. மர்பி டவுனில் எங்கள் தெரு முக்கில் யாரோ மந்திரித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கழுவி, ஜூஸ் போட்டுக் குடித்தவன் நான். அதற்காக என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பேர்ப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், உங்களோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டாயிரம் தாண்டி இரண்டு மூன்று வருடம் இருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்தன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சேகர், மவுஸ் நகராவிட்டாலும் சேகர், மேனேஜர் ராவ் சாருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் சேகர். காலையில் மெஜஸ்டிக்கில் பஸ் மாறி நின்றுகொண்டே போய், சாயந்திரம் நின்றுகொண்டே வருவேன். அப்படி இருக்கும்போதுதான் பழைய மெயிலைத் தூக்கிவிட்டுப் புது மெயில் சிஸ்டம் போடுவது என்று முடிவானது.

மெயில் பெட்டிகளை மாற்றுவது கூடப் பெரிய வேலையாக இல்லை. உயிரை எடுத்தது பொது முகவரிப் பட்டியல். கஸ்டமர், சப்ளையர், டிரான்ஸ்போர்ட் என்று மூன்று வரிசை, வெளி ஆட்களின் பெயர், போன், மெயில் முகவரி எல்லாம் அதில் இருக்கும், ஆபீசில் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று விட்டிருந்தார்கள், சேர்த்தார்கள், எடுக்கத்தான் ஆள் இல்லை. ஒரே லாரி ஆபீஸ் நாலு பெயரில் இருந்தது. அக்கவுண்ட்ஸில் ஒருத்தர் தன் பெண்ணுக்கு வரன் பார்க்கும் புரோக்கரைச் சப்ளையர் வரிசையில் போட்டு வைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

டிரான்ஸ்போர்ட் வரிசையில் லாரி ஆபீஸ்களுக்கு நடுவே 'வின்சென்ட்' என்று ஒரு பெயர். அது பிலோமி அக்காவின் மகன். பிலோமி அக்கா எங்கள் டெலிபோன் ஆபரேட்டர், காக்ஸ் டவுன்காரர், புருஷன் இல்லை, ஒரே பிள்ளை. அவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலைக்குப் போனான். துறைமுகத்துக்குத் துறைமுகம் மெயில் போடுவான், அது என் பெட்டிக்குத்தான் வரும், நான் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். திடீரென்று நின்றுபோனது. ஏதோ ஒரு ஊரில் இறங்கினான், திரும்ப ஏறவில்லை என்று மட்டும் மும்பை ஏஜெண்ட் சொன்னான். செத்தானா, இருக்கிறானா, எங்காவது சிறையில் கிடக்கிறானா, ஒன்றும் தெரியாது.

மெயில் நின்றுபோன சமயத்தில்தான் அக்கா யாரிடமோ சொல்லி அவன் முகவரியைப் பட்டியலில் சேர்க்கவைத்திருக்கிறார். எதற்கு டிரான்ஸ்போர்ட்டில் போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "கப்பலு என்னாத்துக்குப்பா ஓடுது? சாமான் ஏத்தத்தானே? அப்ப டிரான்ஸ்போர்ட்டுதான்" என்றார். விளைவு என்னவென்றால், நாங்கள் லாரிக்காரர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை எல்லாம் காணாமல் போன அந்தப் பையனுக்கும் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் இல்லாமல் வண்டி வரக்கூடாது, இரண்டாம் கேட்டில் ஹாரன் அடிக்கக்கூடாது, ஆயுத பூஜைக்கு லோடிங் கிடையாது, எல்லாமே. வருடக்கணக்காகப் பதில் வந்ததில்லை. ஆனால் முகவரி தப்பு என்று திரும்பி வந்ததும் இல்லை.

அதையே அக்கா பிடித்துக்கொண்டார். சர்ச்சில் ஃபாதரும் சொந்தக்காரர்களும் அவன் பெயரில் செத்தவர்களுக்குச் சொல்கிற ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒன்று வைத்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "திரும்பி வரலன்னா போய்ச் சேருதுன்னுதானே அர்த்தம்? உசிரோட இருக்கிற புள்ளைக்குப் பூசை வெச்சா பாவம் இல்லியாப்பா?" என்று என்னிடம் கேட்பார். நான் தலையை ஆட்டிவைப்பேன்.

பட்டியலைப் புதுசுக்கு ஏற்றுவதற்கு முன்னால் ராவ் சார் வந்து நின்றார். "பர்சனல் யாவுதூ பேடப்பா, எல்லா கிளீன் மாடு" என்றார் கன்னடத்தில். சொந்த விஷயம் ஒன்றும் வேண்டாம், சுத்தம் பண்ணு என்று அர்த்தம். வின்சென்டுக்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். மனுஷர் கல் மனசுக்காரர் இல்லை, ஆனாலும் முடியாது என்றுவிட்டார்.

அக்காவுக்குத் தெரியாமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், பாதி ஆபீஸ் கிளம்பிப் போன பிறகு, போய் விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"எந்தப் பொத்தான்னு காட்டு. நானே எடுத்துடறேன்."

வின்சென்ட் இருந்த வரியைக் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு, விரலைப் பொத்தான் மேலே வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அழுத்தினார். வரி போய்விட்டது. எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

பட்டியலைப் புது சிஸ்டத்தில் ஏற்றினேன். பழைய மெஷினை நிறுத்தி வயரையும் பிடுங்கிவிட்டேன், இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுசில் டிரான்ஸ்போர்ட் வரிசையைத் திறந்து பார்த்தேன், வின்சென்ட் இல்லை. சரி, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அந்த வரிசைக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்பினேன். எங்கள் முகவரி மாறியிருக்கிறது, கிடைத்ததும் பதில் போடவும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ஓசூர் லாரி ஆபீஸ், சேலம் லாரி ஆபீஸ், ஓகே சார், நோட்டட் சார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னொன்று வந்திருந்தது. வின்சென்ட் என்று போட்டிருந்தது.

திறந்தேன். அப்போதெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம், அப்படித்தான் இருந்தது. 'எல்லாம் வந்துச்சும்மா. கேட்ல ஹாரன் அடிக்கக்கூடாதுங்கிற நோட்டீஸ் கூட வந்துச்சு. எனக்குக் கோவம் இல்ல. இனிமே அனுப்ப வேணாம்.' அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, 'அண்ணா, நீங்க போய்ப் படுங்க.'

ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பதில் மெயில் என்றால் நாம் அனுப்பியது அடியில் ஒட்டிக்கொண்டு வருமில்லையா, அங்கே நான் அனுப்பிய முகவரி மாற்றம் இல்லை. அனுப்பியவர் பிலோமினா என்று இருந்தது. பிலோமி அக்காவுக்கு மெயில் பெட்டியே கிடையாது, டைப் அடிக்கவும் தெரியாது. அதில் இருந்தது இது: 'ராஜா, சாப்டியாடா? உன் பேர அம்மா கையாலயே எடுத்துட்டேன். கோச்சுக்காதடா.'

அக்கா என் பக்கம் திரும்பினார். "சேகரு, இத நான் வாயத் தொறந்து சொல்லலப்பா. பொத்தான அமுக்கறப்ப மனசுலதான் சொன்னேன்."

"யாரோ வெளையாடறாங்க அக்கா" என்றேன். சொன்ன எனக்கே அது ஒட்டவில்லை. உடனே அந்த முகவரிக்கு, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டுப் பதில் போட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தது, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. அத்தனை வருடத்தில் முதல் தடவை.

ஆள் உயிரோடு இருக்கிறான், போலீஸுக்குச் சொல்லலாம், ஏஜெண்டைப் பிடிக்கலாம் என்று நான்தான் பரபரத்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்பா. கோச்சுக்காதடான்னேன், கோவம் இல்லன்னுட்டான். சாப்டியான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல பாரு. பொய் சொல்லத் தெரியாது என் புள்ளைக்கு."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் சர்ச்சில் வின்சென்ட் பெயரில் பூசை நடந்தது. நானும் போய்ப் பின்னால் நின்றேன். அக்கா கறுப்புப் பார்டர் போட்ட வெள்ளைச் சேலையில் இருந்தார். அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதார், பார்க்க முடியவில்லை.

அக்காவே யாரையோ வைத்து அனுப்பியிருப்பார், துக்கத்தில் மனுஷர் என்னவெல்லாமோ செய்வார்கள் என்று நீங்கள் சொல்லலாம். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். அப்படியே இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு அக்கா அந்த அறையை விட்டுப் போன பிறகு நான் அந்த மெயிலை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தேன், இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா பெயரில் இருந்ததற்கு அடியில் இன்னொன்று ஒட்டியிருந்தது. அனுப்பியவர் சேகர். 'உடம்பெல்லாம் வலிக்குது, எப்ப வீட்டுக்குப் போய்ப் படுப்பேனோ.'

அக்கா பொத்தானில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் நின்ற நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டது அது. எழுத்துக்கு எழுத்து அதுதான்.

இப்போது வேறு கம்பெனி, வேறு வேலை, அலுப்பு மட்டும் அதேதான். பஸ்ஸில் நிற்கும்போது எதையாவது மனசுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தால் சட்டென்று நிறுத்திவிடுகிறேன். யாருக்குப் போய்ச் சேருகிறதோ, யார் பதில் போடுவார்களோ.