பாஞ்சாலையும் பச்சைக்கறியும்

பாஞ்சாலைக்குக் கோபம் வந்தால் முதலில் செத்துப்போன புருஷனைத்தான் திட்டுவாள். "மனுசன் போனதுதான் போனாரு, இந்த நாய எந்தலையில கட்டிட்டுப் போயிட்டாரு!" புருஷன் ஆண்டியப்பன் ரிங்லெட் டவுனிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. டைகர் என்று பேர் வைத்தான். வயது பத்தைத் தாண்டிய பிறகு அந்தப் பேருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பல் பாதி விழுந்துவிட்டது. எண்பத்தோராம் வருஷத்து மழைக்காலத்தில் முதுகு முடியும் கொட்ட ஆரம்பித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது.

சொறிநாய் லயத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் சுட்டுவிடுவோம் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாஞ்சாலை வேப்பெண்ணெய் பூசினாள், மஞ்சள் பூசினாள், கந்தகம்கூடப் பூசிப் பார்த்தாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் அவளுக்கென்று மூச்சு விடுகிற ஒரே ஜீவன் அதுதான். அதையும் சுடுவார்களாமே, சுடுவார்கள்!

தோட்டத்துத் துரையின் பங்களாவில் புல் வெட்டப் போன நாளில் துரையம்மாவிடம் சொல்லி அழுதாள். அந்த அம்மா இரண்டு பெரிய நாய் வளர்க்கிறவள். தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசுவாள். சோறு கூடாது, கருவாடு கூடாது, இறைச்சியும் எலும்பும் பச்சையாகவே கொடு, வேகவைத்து மாசாக் பண்ணவே கூடாது என்றாள். இரண்டு மாதம் பொறுக்கும்படி ஆபீசில் தானே சொல்வதாகவும் சொன்னாள்.

சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? பத்து வருஷம் சோறும் கருவாட்டுக் குழம்பும் தின்று வளர்ந்த நாய் அது. டவுன் கோழிக்கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் கழுத்தும் கல்லீரலும் கேட்டு வாங்கிவந்து தட்டில் வைத்தாள். டைகர் மோந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. எழுந்துபோய்ச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பல்லில்லாததுக்குக் கஷ்டமோ என்று கத்தியால் கொத்திக் கொடுத்தாள். அதையும் தொடவில்லை. ஒரு கழுத்தை மட்டும் கவ்விக்கொண்டுபோய், பக்கத்து வீட்டு ருக்குமணியின் கீரைப் பாத்தியில் புதைத்துவிட்டு வந்தது. அதற்கு ருக்குமணி பாடிய பாட்டை லயமே கேட்டது.

இதற்கு மேல் வெள்ளிக்கிழமை ஒன்று. அன்றைக்குப் பாஞ்சாலை கவிச்சி தொடமாட்டாள். வீட்டில் சாம்பார் கொதித்தால் டைகர் வாசலில் குந்திக்கொண்டு முனகும். மனசு கேட்காமல் ஒரு பிடி சோறு போட்டுவிடுவாள். வாரமெல்லாம் பட்ட பாடு அந்த ஒரு பிடியில் பாழாய்ப் போகும். சனிக்கிழமை மறுபடி பிள்ளையார் சுழிதான்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "முனியாண்டி, என்னய மன்னிச்சிரு. இந்தச் சனியன் சாவக்கூடாது" என்று கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக் கறியைக் கொத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து காத்த விரதம் அன்றோடு போயிற்று. அடுப்பே மூட்டவில்லை. தானும் பட்டினி கிடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் டைகர் எழுந்து வந்து கறியை நக்கியது. பிறகு தின்றது. "அடப் பாவி மகனே!" என்று பாஞ்சாலை உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த மாதம் புண் ஆறியது. முதுகில் முடி முளைத்தது. டைகர் வாலை ஆட்டிக்கொண்டு கொழுந்து மலைவரை அவள் கூடவே போய்த் திரும்பியது. துரையம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. ஆனால் நாய் நிமிர்ந்து நடந்ததுதான் வினையாகிவிட்டது.

ருக்குமணி முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் காணாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்ப் பைப்படியில் லயமே கூடிவிட்டது. "ரத்தம் ருசி கண்ட நாய் சும்மா இருக்குமாலா? சாமி சேவல், சாமி சேவல்!" என்று ருக்குமணி மாரில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பல்லு எங்கடி இருக்கு? வாயத் தொறந்து காட்டவா? நான் கொத்திக் குடுத்தாத்தான் உள்ள எறங்குது. மூசாங்கு தூக்கிட்டுப் போயிருக்கும், மரநாய்."

"இத்தன வருசமா வராத மூசாங்கு, உன் நாய் பச்சக்கறி தின்ன பொறகுதான் வந்துச்சாக்கும்!"

"துரையம்மாதான் போடச் சொன்னாங்க."

மாடசாமிக் கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா பாஞ்சால, துரையம்மா பங்களாவுல இருக்காங்க. கோழி லயத்துல இருக்கு. பெரியவங்க என்ன சொல்வாங்க, ரத்த ருசி ஏறுன நாய் சோறு திங்காதும்பாங்க. எல்லாருக்கும் முன்னால சோறு போடு. தின்னுச்சுன்னா நாய் இருக்கட்டும். திங்கலன்னா நானே ஆபீசுல சொல்றேன், சுட்டுருவாங்க."

பாஞ்சாலைக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா? சோற்றுக்கு ஏங்கி ஏங்கி உயிரை வாங்கிய நாயல்லவா! ஓடிப்போய்ச் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள்.

டைகர் மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தின்னுய்யா. உனக்குப் பிடிச்ச கருவாடுலா." தட்டை முன்னே தள்ளினாள். நாய் பின்னே நகர்ந்தது. வாயில் ஊட்டிப் பார்த்தாள். துப்பியது. யாரோ சிரித்தார்கள். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றாள் ருக்குமணி. கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பாஞ்சாலைக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. பச்சைக்கறியைத் தின்னச் சொல்லிக் கெஞ்சிய கெஞ்சல், விட்ட விரதம், இந்தச் சிரிப்பு எல்லாம் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. "தின்னு, சனியனே! தின்னுடா!" என்று அதன் முகத்தில் ஓங்கி அறைந்தாள். பத்து வருஷத்தில் அந்த நாயை அவள் அடித்ததே இல்லை.

டைகர் கத்தவில்லை. அவளையே பார்த்தது. பிறகு குனிந்து, மெதுவாக, கடைசிப் பருக்கைவரை தின்றது.

"சரி, முடிஞ்சிச்சிலா. நாய் இருக்கட்டும்" என்றார் கங்காணி. "ஒரு அடி போட்டா எல்லாம் வழிக்கு வருது" என்று முணுமுணுத்துக்கொண்டே ருக்குமணி குடத்தை எடுத்தாள்.

நாளையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கறி போட வேண்டியதுதான் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள் பாஞ்சாலை. ஜெயித்தாயிற்று, சுட மாட்டார்கள். வீட்டு வாசலில் நின்று, "வாடா என் ராசா" என்று தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

டைகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த அடிக்காக நின்றது.