சோபாவில் மறைய ஒரு சுடிதார்

சிங்கப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் எனக்கு இரண்டாம் வருஷம். ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். ராணுவத்தில் பையன்கள் போடுகிற பச்சைத் திட்டு யூனிஃபார்ம் காட்டில் மறைவதற்கு. சரி, உங்களுக்கு எங்கே மறைய வேண்டும்? அந்த இடத்துக்கான உருமறைப்பை நீங்களே வரைந்து, துணியில் அச்சடித்து, உடுத்திக்கொண்டு, அதே இடத்தில் படம் எடுத்து வாருங்கள் என்றார்.

கூடப் படித்தவர்கள் எம்ஆர்டி ரயில் இருக்கை, நூலக அலமாரி என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் என் அத்தை வீட்டு சோபா!

காரணம் இருந்தது. நான் ஆர்ட் படிப்பது அத்தைக்குத் தெரியாது. யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் அத்தை கேட்டபோது, "அக்கவுண்ட்ஸ் படிக்கிறாக்கா" என்று அப்பா வாய்கூசாமல் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த சோபாவில் என்னை உட்கார வைத்து, "என்னடி, அக்கவுண்ட்ஸ் எப்படிப் போவுது?" என்று அத்தை கேட்பார். நான் தலையாட்டுவேன். அப்பா அதிரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க, எத்தனை நாளைக்கு?" என்று அம்மா உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவாள்.

எனக்குக் கோபம் பொய்மீது இல்லை. என்னைச் சொல்லிக்கொள்ள அப்பாவுக்கு வெட்கமா? அது ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேராகக் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. இந்தத் தீபாவளிக்கு அத்தை கண்ணிலேயே படாமல் இருந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஏதோ சாக்குச் சொல்லி ஒரு சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய் சோபாவைப் படம் எடுத்துவந்தேன். அரக்கு நிறம், அதில் தட்டு அகலத்துக்குப் பழுப்புப் பூக்கள், நடுநடுவே மஞ்சள் இலை. பின்னால் சந்தன நிறச் சுவர். முதலில் அந்தப் பூவையே அப்படியே வரைந்து, தாளை உடம்பில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பூப்போட்ட ஒரு பெண் நின்றாள். மறைவதாவது! ஆளைக் காட்டிக்கொடுப்பது நிறம் இல்லை, ஓரம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. தோளின் வளைவு, இடுப்பு, கை முடியும் இடம். அந்தக் கோடுகளை உடைக்க வேண்டும். பூக்களைப் பெரிதாக்கினேன். ஒரு பூவைத் தோளில் பாதியாக வெட்டி, மீதியைக் கைக்குத் தள்ளினேன். கழுத்தருகே சுவரின் சந்தன நிறத்தை ஏற்றினேன். துப்பட்டாவில் சோபாவின் கைப்பிடி மரத்தைக்கூட வரைந்துவிட்டேன். கல்லூரிப் பட்டறையில் நிறத்துக்கு ஒரு அச்சுச் சட்டம் வைத்துத் துணியில் அச்சடித்து முடித்தபோது என் நகமெல்லாம் அரக்கு. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

தேக்கா மார்க்கெட் மாடியில் சுடிதாராகத் தைக்கக் கொடுத்தேன். தையல்கார அண்ணன் துணியை உதறிப் பார்த்துவிட்டு, "இது உனக்காம்மா, சோபாவுக்கா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

தீபாவளி வந்தது. கேமராவை அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டாள். அத்தை வீட்டு வாசலில் செருப்புக் குவியல். அதைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன். ஐயோ!

சோபா வெளிர் பச்சையில் பளபளத்தது. புது உறை. புதுத் திரைச்சீலை. மெத்தைகள்கூடப் புதுசு.

இதைவிட முட்டாள்தனம் உண்டா? இந்த ஊரில் தீபாவளிக்கு எந்தத் தமிழ் வீட்டில் பழைய திரைச்சீலை தொங்குகிறது? அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டில் ஏணி மேல் நின்று புதுத் திரையை மாட்டி, சோபா உறையையும் மாற்றியவள் நான். அப்போதுகூட மண்டையில் ஏறவில்லை. இந்த அரக்குப் பூவோடு அந்தப் பச்சை சோபாவில் போய் உட்கார்ந்தேன். கண் தெரியாதவருக்குக்கூடத் தெரிந்திருப்பேன்.

முறுக்குத் தட்டோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தார். தட்டை அம்மா கையில் திணித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பழைய உறையை இழுத்துக்கொண்டு வந்து என் தோளில் வைத்துப் பார்த்தார்.

"அடிப்பாவி! என் சோபாவைப் போட்டுக்கிட்டு வந்திருக்கா, பாருங்க லா!"

வீடே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சிரித்து முடித்த அத்தை, "எந்தக் கடையில எடுத்த?" என்றார். "கடையில இல்ல அத்தை, நானே அச்சடிச்சேன்" என்றேன். "அக்கவுண்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்குடி?"

அப்பாவைப் பார்த்தேன். இந்தத் தடவை தலையாட்டுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அப்பா கையிலிருந்த அதிரசத்தைத் தட்டில் வைத்தார்.

"அவ அக்கவுண்ட்ஸ் படிக்கலக்கா. ஆர்ட் படிக்கிறா. நான்தான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏன்டா?"

"நீ சிரிப்பியோன்னு."

"இப்ப சிரிச்சேன். என்ன ஆயிட்டுது?"

அப்பா என் துப்பட்டா நுனியை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "எல்லாம் அவ கையால வரைஞ்சதுக்கா" என்று மட்டும் சொன்னார். குரல் கொஞ்சம் கம்மியது. நான் அதே துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

எதற்காக இந்த உடை என்று அம்மா அத்தையிடம் விவரம் சொன்னாள். அவ்வளவுதான், அத்தைக்கு வேகம் பிறந்துவிட்டது. "எழுந்திருங்க லா எல்லாரும்!" என்று தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைக் கிளப்பிவிட்டு, பச்சை உறை மேலேயே பழைய உறையை விரித்து இழுத்துச் செருகினார். நான் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மா கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடியே, நெசமாவே காணோம்டி!" என்றாள்.

ஆனால் அப்பா சும்மா இருந்தால்தானே? அந்த நேரம் பார்த்துப் புதிதாக யாரோ உள்ளே வந்தார்கள். அப்பா சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இங்க பாருங்க, இதுக்குள்ள ஒரு ஆள் இருக்கு, தெரியுதா? என் பொண்ணு. ஆர்ட் படிக்கிறா" என்று என்னைக் கைகாட்டினார். அடுத்து வந்தவர்களிடமும் அதே. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் வந்தது, அவர்களுக்கு ஆங்கிலத்தில் அதே. "தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க!" என்று அம்மா கத்தினாள். யார் கேட்டது?

அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்றில்கூட நான் மறையவில்லை. எல்லாவற்றிலும் அப்பா பக்கத்தில் நின்று, விரலை நீட்டி என்னைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதில் ஒன்றைத்தான் ஆசிரியையிடம் கொடுத்தேன்.