சும்மா கூட நின்ற ஒரு காலை

பி.காம். முடித்ததும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வரும் துணியில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. உடுமலைப்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊருக்கு விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் பாதித் தூக்கம். கண் திறக்கும்போதெல்லாம் ஜன்னலில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவை வெளியே சுற்றுகின்றனவா, என் தூக்கத்துக்குள் சுற்றுகின்றனவா என்று பல நாள் தெரிந்ததில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு அக்கா வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்கு எங்கள் ஊரில் தேங்காய் உரித்துக் காயவைக்கும் களத்தில் வேலை, அவருக்கு எங்கள் கம்பெனியில் தையல். ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அவர் பேச்சைவிட அவர் தலையின் கனம்தான் எனக்கு அதிகம் பழக்கம்.

ஒரு நாள் அவர் தூங்கவில்லை.

“பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேக்க முடியல தங்கச்சி. டி.சி. இல்லாம சேக்க மாட்டோம்னு சொல்லுதாவ. ஊருக்குப் போயி வாங்கியாறதுன்னா ரெண்டு நாள் லீவு வேணும். யாரு தருவா?”

“பாப்பா இப்ப என்னங்கக்கா பண்ணுது?”

“களத்துலதான் கெடக்கா, அவ அப்பா கூட.” என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நீ கூட வாரியா? பேசக்கூட வேண்டாம். சும்மா நில்லு, போதும்.”

மறுநாள் இருவரும் அரை நாள் லீவு போட்டு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனோம். பள்ளி மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. எங்கேயோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை நல்லவர்தான். குரல் உயர்த்தாமல், டி.சி. வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பினார். நான் பேசுவதாகவே இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க டீச்சர், அது வர்ற வரைக்கும் பாப்பா எங்கீங்க உக்காரும்?”

அவர் பேனாவை மூடினார். முதல் தடவையாகக் குழந்தையைப் பார்த்தார். “உள்ள போய் உக்காரச் சொல்லு கண்ணு. பழைய பள்ளிக்கு நானே போன் பண்ணிக்கறேன்.”

பாப்பா வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஜோடியாக வைத்தாள். குனிந்து மறுபடியும் நேராக்கி வைத்தாள். பிறகு உள்ளே போனாள். அக்கா அழவில்லை. “மணி என்னாச்சு? பஸ் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானம் செக்கிங் டேபிளில் துணிகள் வந்துகொண்டே இருந்தன. என் கைகள் வேலை செய்தன. நான் மட்டும் அந்த வகுப்பறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அதைப் பெருமை என்று சொல்ல முடியாது. யாரோ தைத்ததைப் பார்த்து, யாரோ உடுத்த அனுப்புகிறவள் நான். அன்றுதான் ஒரு முழு மனிதரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த ருசி எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு நான் வேறு படிப்புக்குப் போன உண்மைக் காரணம் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணிப் படிப்பில் சேரப் போனபோது, ஏன் இந்தப் படிப்பு என்று நேர்காணலில் கேட்டார்கள். சமுதாயம், சேவை என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். செருப்பை நேராக்கிய குழந்தையைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. “எச்.ஆர். எடு, கம்பெனியிலயே வேலை கெடைக்கும்” என்றார் அப்பா. நான் சமுதாய மேம்பாட்டுப் பிரிவை எடுத்தேன். டி.சி. இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே சட்டம் என்று அங்கேதான் படித்தேன். கோபம் வந்தது. அந்த டீச்சருக்கும் அது தெரிந்திருக்காது என்று பிறகு தோன்றியது.

அதற்குள் அக்காவின் குடும்பம் வேறெங்கோ வேலை தேடிப் போயிருந்தது. எங்கே என்று களத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நெருப்பெரிச்சலில், வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிற வேலையில் இருக்கிறேன். போன வாரம் பீகார்க்காரர் ஒருவர், மகன் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கவர்மெண்டா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் எங்களோடு வருகிறீர்கள் என்றார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு என்னிடம் இந்தி இல்லை. “சலியே, போகலாம்” என்றேன். மூவரும் வெயிலில் பள்ளியை நோக்கி நடந்தோம்.