ஓரம் காட்டிக் கட்டின சிப்பம்

1. முனை வராத அம்பு

புத்தூரில் ஒரு புகையிலைக் கொட்டிலில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். அதில் பதினாறு வருஷம் அமுக்குப் பலகைக்குத் தலைமை நான். காய்ந்த புகையிலையை அடுக்கி, பனையோலைப் பாயால் சுற்றி, பலகை வைத்து அமுக்கிக் கயிற்றை இறுக்கினால் அது சிப்பம். கப்பலில் போட்டு உருட்டினாலும் அவிழக் கூடாது. என் கட்டு அவிழ்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

புகையிலை இல்லாத சிப்பம் ஒன்றும் கட்டினேன். இப்போது கொட்டிலில் வேலை செய்கிற பிள்ளைகள் அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஒரு நாள் காலையில் மலாயா ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்ஷனோடு வந்தவர், அதனால் அந்தப் பேர். கையில் ஒரு அம்பு. அதன் நுனி மொட்டையாக இருந்தது.

“பிள்ளை அன்னம், இதைப் பாரும். அம்பு வந்திட்டுது, முனை வரேல்லை.”

பளைப் பக்கம் வாங்கின காணியில் அவர் இருநூறு தென்னங்கன்று வைத்திருந்தார். உழைத்ததெல்லாம் அந்த மண்ணுக்குள்தான். காட்டுப் பன்றி வந்து கன்றுகளைக் கிண்டித் தின்னத் தொடங்கியிருந்தது. துவக்கு இருந்தது, சண்டையால் தோட்டா கிடைக்கவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரரோடு சேர்ந்து பழகின வில் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, பழைய லொறித் தகட்டில் கொல்லனிடம் ஆறு முனை அடிப்பித்தார். ஒவ்வொன்றும் வெற்றிலை நுனி போல அகலம், இரண்டு பக்கமும் சவரக்கத்திக் கூர். அதற்கு மேல் இரும்பு இல்லை என்று கொல்லன் கையை விரித்துவிட்டான்.

பன்றியைக் காயப்படுத்தி விட்டால் அது ஆளைக் கிழித்துவிடும். ஆகவே எய்து பழக வேண்டும். பழக ஒரு குறி வேண்டும். வாழைக் குற்றியில் எய்தார். வாழைச் சாற்றின் கயர் பட்டு இரும்பு கறுத்தது, குற்றி இரண்டு நாளில் அழுகியது. மணல் சாக்கில் எய்தார், கூர் மழுங்கியது. தேங்காய்த் தும்பு மெத்தையில் எய்தார். தும்பு முனையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. இழுத்த இழுவையில் முனை ஒடிந்து மெத்தைக்குள் நின்றுவிட்டது.

“இனி அஞ்சுதான் இருக்கு. கொழும்பிலையிருந்து நல்ல குறி எடுப்பிக்க என்ரை பென்ஷன் காணாது. உம்மடை சிப்பம் இறுக்கம்தானே. புகையிலை வேண்டாம், வெறும் ஓலையிலை ஒண்டு கட்டித் தாரும்.”

என்னோடு பலகை பிடிக்கிற சின்னாச்சி சிரித்தாள். அவள் வாயில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். “ஐயா, பண்டிக்குப் புகையிலையைக் குடுத்துப் பாருங்கோவன். தலை சுத்தி விழும்.”

“நீர் இன்னும் விழேல்லையே,” என்றார் அவர்.

2. திரும்பி வந்த கட்டு

கிழிந்த பாய்களை மடித்து அடுக்கினேன். எல்லாச் சிப்பத்துக்கும் போல உப்புத் தண்ணீர் தெளித்தேன். தெளித்தால் ஓலை நொறுங்காது, கறையானும் அண்டாது. எங்கள் கொட்டிலில் அதை யாரும் சொல்லிச் செய்வதில்லை, கை தன்பாட்டில் செய்யும். அமுக்கி இறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவர் அந்தச் சிப்பத்தை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிப்பத்தின் முகத்தில் என் கை நுழைகிற ஓட்டை. அம்புகளை இழுக்காமல் இரண்டு நாள் அதிலேயே விட்டிருக்கிறார். ஐந்து முனையும் செங்கல் நிறம்.

“இது அம்போ பிள்ளை, கடலுக்கை கிடந்த நங்கூரமோ?”

“உப்பு, ஐயா. என்ரை பிழை.”

“உப்பும் பிழை, கட்டும் பிழை. ஒவ்வொரு அம்புக்கும் ஓலை அறுந்து கொட்டுது. மூண்டு கிழமைக்குள்ளை நான் பளைக்குப் போகாட்டி அங்கை தென்னங்கண்டு எண்டு ஒண்டும் மிஞ்சாது.”

எங்கள் கொட்டிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் கட்டின சிப்பம் திரும்பி வருகிறதோ அவள் பலகையை விட்டு இறங்கி, ஒரு நல்ல கட்டுப் போட்டு நிரூபிக்கும்வரை இலை தெரிவு செய்கிற வரிசையில் நிலத்தில் இருக்க வேண்டும். நான் பலரை இறக்கியிருக்கிறேன். இறங்கினதில்லை.

முதலாளி வந்து பார்த்தார். “உது புகையிலையோ அன்னம்? உது எங்கடை வழக்கத்துக்கை வராது. நீர் வேலையைப் பாரும்.”

“கட்டினது நான். திரும்பி வந்திட்டுது,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சின்னாச்சி என் இடத்தில் ஏறினாள். ஏறும்போது சீலையை உதறிச் செருகின விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

3. குத்தூசி போகிற வழி

மறுநாள் சரக்குப் பார்க்க வியாபாரியின் ஆள் வந்தான். சிப்பத்துக்குள் குத்தூசி விட்டுக் கொஞ்சம் இலை எடுத்து மணந்து பார்ப்பது அவன் வேலை. அவன் ஊசியைச் சிப்பத்தின் முகத்தில், இலை தட்டையாகக் கிடக்கிற பக்கத்தில், வைத்தான். நிலத்தில் இருந்தபடியே என் வாய் பழக்கத்தில் சத்தம் போட்டது.

“தம்பி, முகத்திலை குத்தாதையும். ஓரத்தாலை விடும்.”

முகத்தில் குத்தினால் அடுக்கு முழுவதும் கிழியும். ஓரத்தால் விட்டால் ஊசி இரண்டு இலைக்கு நடுவே வழுகிப் போகும். இழுத்ததும் வழி மூடிக்கொள்ளும். வருஷக்கணக்காக நான் சொல்லி வந்த சொல் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

அன்று பின்னேரமே தொடங்கினேன். கழித்த பாய்களை முழ அகலப் பட்டைகளாக வெட்டினேன். அவற்றைப் படுக்கையாக, இடுப்பளவுக்கு அடுக்கினேன். வெட்டின ஓரங்கள் எய்கிறவரைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. கயிறு பக்கங்களில் மட்டும். அம்பு வருகிற வழியில் ஒரு புரி கூட இல்லை. கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்கினேன். உப்புக்குப் பதிலாக அடுக்குகளுக்குள் காய்ந்த வேப்பிலை. பலகையும் கொட்டிலில் கிடந்ததுதான். அவருக்குக் கயிற்றுச் செலவு மட்டும்.

“அக்கா, உதுவும் திரும்பி வந்தால் எங்கை இருப்பியள்? வாசல் படலையடியிலையோ?” என்று சின்னாச்சி பலகையில் இருந்தபடி கேட்டாள்.

“வரட்டும், பாப்பம்.”

கொல்லன் சாணை பிடித்துக் கொடுத்த முனைகளோடு மலாயா ஐயா வந்தார். கொட்டிலுக்குப் பின்னால் வைத்து எய்தார். அம்பு ஒரு சாண் உள்ளே போய் நின்றது. அவர் அதைப் பிடித்துத் திருகப் பார்த்தார்.

“திருகாதையுங்கோ ஐயா. போன வழியாலை நேராய் இழுங்கோ.”

இழுத்தார். முனையோடு வந்தது. பெருவிரலால் முனையின் கூர் தடவிப் பார்த்தார். ஓலையில் அம்பு போன வழி மூடியிருந்தது. உடனே இரண்டாவது அம்பை எடுத்தார்.

சில அம்பு சுழன்று குறுக்கே வெட்டத்தான் செய்யும். ஆகையால் நடு இளகினால் கயிற்றைத் தளர்த்தி, நடுப் பட்டையை மேலுக்கும் கீழுக்கும் மாற்றி, திரும்ப ஆப்பு அடிக்கச் சொன்னேன். பழகி முடிந்ததும் அம்புகளைக் கழற்றித் துடைக்கச் சொன்னேன்.

முதலாளி என்னைப் பலகையில் ஏறச் சொன்னார். ஒரு நாள் தாங்கினது கட்டு ஆகாது என்று நான் ஏறவில்லை.

4. வண்டிலில் வந்தது

இரண்டு மாதம் நிலத்தில் இருந்து இலை தெரிவு செய்தேன். ஒரு காலை படலையடியில் வண்டில் வந்து நின்றது. மேலே அந்தச் சிப்பம். கொட்டிலில் எல்லார் கையும் நின்றது. சின்னாச்சியின் வாய் கூட மெல்லுவதை விட்டது.

நான் எழுந்து வெளியே போனேன். “என்ன பிழை ஐயா?”

“பிழையோ? நீர் சொன்னபடி நடுவை மூண்டு தரம் மாத்தினன். இப்ப எல்லாப் பட்டையும் நடுவைப் போலை இளகிப் போச்சு. வேறை ஓலை வைச்சு இறுக்கித் தாரும். அடுத்த மாரிக்கும் வேணும்.”

மடியிலிருந்து எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்து விரித்தார். ஐந்து முனை. ஒன்றில் மட்டும் சின்னப் பல்.

“இது எலும்பிலை பட்டது. ரண்டு பண்டி. மற்றதுகள் அந்தப் பக்கம் வாறதில்லை. நூத்திநாப்பது கண்டு நிக்குது, பிள்ளை. அஞ்சு முனையும் நிக்குது.”

நான் திரும்பி உள்ளே வந்தபோது சின்னாச்சி பலகையை விட்டு இறங்கி நின்றாள்.

“ஏறுங்கோ அக்கா. எனக்கு முழங்கால் நோகுது,” என்றாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது கூட இல்லை. நான் ஏறினேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பழகின கை நல்ல கை. ஆனால் வேறு சாமான் கட்ட வந்தால் அந்தக் கையை ஒரு தரம் நிறுத்தி, இதற்குள் என்ன போகப் போகிறது, எப்படித் திரும்ப வரப் போகிறது என்று கேளுங்கள். நான் கேட்காமல் உப்புத் தெளித்தேன். அதற்காக இரண்டு மாதம் நிலத்தில் இருந்தேன். இருந்தது சரி.