முழத்துக்கு மேல் ஒரு பிடி

மருத்துவர் என் தொண்டைக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். குரல்நாண்களின் இரு ஓரங்களிலும் அரிசி முனை அளவில் இரண்டு தடிப்புகள் தெரிந்தன. வகுப்பறையில் வருடக்கணக்காக உரக்கப் பேசுகிறவர்களுக்கு வருவதுதான் என்றார். சில மாதங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் குறையும்; திரும்பவும் நாள் முழுக்கப் பாடம் நடத்தினால் திரும்பவும் வரும். மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் அப்போது நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். விடுப்பு கேட்கத்தான் முதலில் நினைத்தேன். வருவதும் போவதுமாக இருக்கும் குரலை நம்பி, பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளை உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

கணவருக்கு அங்கே ஒரு நிறுவனத்தில் நல்ல வேலை இருந்தது. "வீடு எப்பவும் போல நடக்கும், நீ கவலைப்படாதே" என்றார். அது உண்மைதான். என் கவலை எங்கள் வீட்டைப் பற்றியது அல்ல. சங்கரன்கோவிலில் தனியாக இருந்த அம்மாவைப் பற்றியது.

அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு ஓய்வூதியம் என்று எதுவும் வரவில்லை. எனக்கு உடன்பிறந்தவர்களும் இல்லை. முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து அம்மாவின் செலவுக்கு நான்தான் அனுப்பிவந்தேன். அதை அம்மா கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வாள். தெருவில் பெருமையாகச் சொல்லவும் செய்வாள். ஆனால் மருமகன் பணத்தில் ஒரு வாய்க் காப்பி குடிப்பதுகூட எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பெரிய விஷயம். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாலே, ஊருக்குப் போகும்போது அவர் கையில் எதையாவது திணித்துவிட்டுத்தான் அம்மா வண்டி ஏறுவாள்.

நான் பேசக் கூடாது என்றானபோது எங்கள் தொலைபேசிப் பேச்சுக்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் பேசுவாள், நான் நகத்தால் போனைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. வேலையை விட்ட செய்தியை என் கணவர் அவளிடம் சொன்ன அன்று, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஏட்டி, இனிமே மாசாமாசம் எனக்குன்னு ஒண்ணும் அனுப்பாத. என்ன?"

நான் இரண்டு முறை தட்டினேன்.

"என்ன ரெண்டு? உங்காசுன்னா வாங்குவேன். மாப்பிள்ளை காசுல நான் கை வைக்க மாட்டேன். அவுக தங்கமான மனுசந்தான். அதுக்காவ?"

நான் இன்னும் பலமாக இரண்டு முறை தட்டினேன். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன்.

"பேசாத! டாக்டர் என்ன சொன்னாரு? வாய மூடு."

வாழ்நாளில் அம்மா என்னிடம் வென்ற ஒரே வாக்குவாதம் அதுதான். வெற்றியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் இந்தப் பக்கம் சத்தமில்லாமல் சிரித்தேன். ஆனால் அடுத்த மாதம் அனுப்பிய பணத்தை, சொன்னபடியே, என் கணவரின் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆக, எனக்கென்று ஒரு வருமானம் வேண்டும். அதற்குத் தொண்டை தேவைப்படக் கூடாது. வீட்டில் தனிப்பாடம் எடுப்பதும் பேச்சுதான். இணையவழி வகுப்பு என்றாலும் பேச்சுதான். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் வாயைக் கொண்டு செய்வதாக இருந்தது. இந்தக் குழப்பத்தோடுதான், தொண்டைக்கு ஓய்வு கொடுக்கவென்று, சங்கரன்கோவிலுக்கு வந்து அம்மாவோடு தங்கினேன்.

அம்மாவுக்குப் பூ வாங்குவது ஒரு சண்டை. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. விற்கிறவள் தன் கையால் அளப்பாள். அளக்கும்போது சரத்தைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிப்பதும், விரல் நுனிக்கு முன்பே கிள்ளிவிடுவதும் வாடிக்கை. அம்மா தன் கையை நீட்டி மறுபடி அளப்பாள்.

"இது முழமா? என்னம்மா, ராத்திரியோட ராத்திரியா உங் கை குட்டையாப் போச்சா?"

"மதினி, ஒங்க கைதான் வளந்துட்டே போவுது" என்பாள் பூக்காரப் பெண். கடைசியில் ஒரு கிள்ளுப் பூ கூடக் கிடைக்கும். பேச முடியாமல் பக்கத்தில் நின்ற எனக்கு, அந்த வம்பைக் கேட்பதே மருந்து போலிருந்தது.

ஒருநாள் காலையில் அம்மாவோடு பூச்சந்தைக்குப் போனேன். பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒருவர் தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கிக் கொண்டிருந்தார். பூவை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பும் ஏஜெண்ட் அவர். எந்த ஊருக்குப் போகிறது என்று போனில் எழுதிக் காட்டினேன். வளைகுடா ஊர்கள் சிலவற்றைச் சொன்னார்; மஸ்கட்டும் அதில் இருந்தது, எப்போதாவது. கேட்டு வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்றார்.

எனக்குத் தெரிந்து கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், மருத்துவமனைகளில் செவிலியராக இருந்த நம் ஊர்ப் பெண்கள், வெள்ளிக்கிழமையில் தலையில் பூ இல்லாததைப் பற்றிப் புலம்பாதவர்கள் யாருமில்லை. வீட்டிலிருந்தபடி நானே வாங்கி விற்பது அந்த நாட்டுச் சட்டப்படி தவறு. அகப்பட்டால் கணவரின் விசாவுக்கே ஆபத்து. அதனால் அங்கே உரிமத்தோடு மளிகைக் கடை நடத்தும் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவருக்கு எழுதினேன். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். கடையின் பெயரில் பூ வரட்டும், கடையில் விற்கட்டும். ஆர்டர் சேர்ப்பதும் கணக்குப் பார்ப்பதும் நான். லாபத்தில் ஒரு பங்கை எனக்குச் சம்பளமாகக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். எல்லாம் எழுத்திலேயே நடக்கக்கூடிய வேலை. கடைக்கு ஆள் எடுக்கிற அனுமதியை முறைப்படி வாங்கிய பிறகு, குரல் செய்தி ஒன்று அனுப்பினார்: "சரி டீச்சர், பாத்துக்கிடலாம். ஆனா ஒண்ணு, வாடிப்போன பூவ எந்தலையில கட்டிராதிய. எந்தலையில முடியும் கிடையாது."

தெருவிலிருந்த நான்கு பெண்களும் அம்மாவும் பூக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். கட்டுக்கூலியைச் சந்தையில் கொடுப்பதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வியாழக்கிழமை காலையில் மொட்டு வாங்கி, மதியத்துக்குள் கட்டி, ஏஜெண்டின் வேனில் ஏற்றினால் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் போய் வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி கடைக்கு வந்துவிடும். முதல் பெட்டி வருவதற்குள் நானும் மஸ்கட்டுக்குத் திரும்பியிருந்தேன். கடையில் அதைத் திறந்தபோது எழுந்த வாசனையில், பருப்பு வாங்க வந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். பத்து மணிக்குள் பெட்டி காலி.

நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச அனுமதி கிடைத்த நேரம் அது. எல்லாம் கூடி வருவதாகத்தான் நினைத்தேன். ஆனால் மாதம் முடிந்து அண்ணாச்சியும் நானும் கணக்குப் பார்த்தபோது, கட்டுக்கூலியும் விமானச் சரக்குக் கட்டணமும் போக எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. பூ அத்தனையும் விற்றிருந்தது. பின் எங்கே போகிறது?

அண்ணாச்சி ஒரு சரத்தை எடுத்துத் தன் முழங்கையில் வைத்தார். விரல் நுனியைத் தாண்டி, சரம் மடங்கி உள்ளங்கை வரை வந்தது.

"டீச்சர், இது முழமா? பின்னலச் சுத்தி இன்னொரு சுத்து வரும் போலிருக்கே. யாரு அளக்கா?"

"எங்க அம்மா."

"அதான பாத்தேன். யாவாரம் பண்ணுதவ அளந்த முழமில்ல இது. வாங்குதவ அளந்த முழம்."

அம்மா வாழ்நாள் முழுக்கப் பூ வாங்கியவள். ஒரு நாளும் விற்றவள் இல்லை. வாங்கும்போது எந்த முழத்துக்காகச் சண்டை போட்டாளோ, அதே முழத்தை இப்போது அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தளர்வாக, விரல் நுனியைத் தாண்டி, மேலே ஒரு பிடி. விமானத்தில் எடைக்குத்தான் பணம். ஒவ்வொரு சரத்திலும் போன அந்த ஒரு பிடியில், கூடுதல் மொட்டு, கூடுதல் கூலி, கூடுதல் எடை மூன்றும் சேர்ந்து எங்கள் மிச்சத்தைத் தின்றுவிட்டன. அவளுக்கு நான் அனுப்ப வேண்டிய பணத்தைத்தான், தெரியாமல், அவளே சரம் சரமாக அளந்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு அம்மாட்டச் சொல்லுங்க. இல்ல, விலையக் கூட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுவேலை செய்கிறவர்களும் இளம் செவிலியரும். விலையைக் கூட்டினால் முதலில் நின்றுபோவது அவர்கள்தான். அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அதைத் தட்டிச் சொல்ல முடியாது. மருத்துவர் அனுமதித்திருந்த அன்றைய பேச்சு முழுவதையும் அதற்கென்று சேமித்துவைத்து, சாயங்காலம் கூப்பிட்டேன். எடை, கட்டணம், மிச்சம் எல்லாவற்றையும் வகுப்பில் விளக்குவதுபோல வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ, அந்த ஒரு பிடிப் பூ எங்காசா?" என்றாள்.

"ஆமாம்மா. உனக்கு வர வேண்டிய காசு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்லதாப் போச்சு. அத்தன பிள்ளைக தலையில எங்காசுல பூ இருக்கு! இது தெரியாம அந்தப் பிடிய என்னமோ இனாமாக் குடுக்கேன்னு நினைச்சேன்."

"அம்மா, விளையாடாத. உன் செலவுக்கு நான் என்ன அனுப்ப?"

"எனக்கு எதுக்குட்டி அனுப்பணும்? அஞ்சு பொம்பளைக கட்டுதோம். நாலு பேருக்குக் கூலி குடுத்துட்டு நான் என்ன சும்மாவா இருக்கேன்? என் கூலிய நான் எடுத்துக்கிடுதேன்லா. மத்த நாள்ல ஏஜெண்டுக்கும் கட்டிக் குடுக்கேன். அரிசி பருப்புக்கு வந்துருது."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டுக்கூலி பூவின் எடைக்கணக்கில் மொத்தமாக அவளிடம்தான் போகும்; அது நான்கு பேருக்கும் என்றும், அவள் கட்டுவது எனக்காக, கூலியில்லாமல் என்றும் நானாக நினைத்திருந்தேன். வேலையை விட்டதிலிருந்து நான் ஓடியது முழுவதும் ஒரே ஒரு காரியத்துக்காக: அம்மாவுக்கு என் கையால் கொடுக்க வேண்டும். அந்தக் கொடுக்கல் இப்போது தேவையில்லை என்று ஆகிவிட்டது. அவள் தன் காலில் நிற்பதை விரும்பாத மகளா நான் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விரும்புகிறேன்தான், இருந்தும் நெஞ்சுக்குள் ஏதோ காலியாயிற்று.

"அப்போ எங்காசு உனக்கு வேண்டாம். அப்படித்தானே?" என்றேன். குரல் பாதியில் கம்மிவிட்டது. தடிப்புகளால் கம்மியதா, வேறெதனாலா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, அழுதியா?"

நான் இரண்டு முறை தட்டினேன்.

"பொய் சொல்லுத." பின்னால் தெருவில் யாரோ பால்காரரைக் கூப்பிடுவது கேட்டது. "இங்கேரு மக்கா. ஒனக்குக் குடுக்கணும்னு இருந்தா, அந்தப் பிடிய மட்டும் குறைக்கச் சொல்லாத. முந்தி மாசாமாசம் நீ தந்தத அரிசிக்கும் கரண்டுக்கும் செலவழிச்சேன். இப்போ இதுக்குச் செலவழிக்கேன்னு வச்சிக்கிடு. நீ தார காசுதான் அது. நான் வாங்கிக்கிடுதேன். போதுமா?"

நான் ஒருமுறை தட்டினேன். தட்டியது அவளுக்குக் கேட்டதோ என்னவோ என்று, இன்னொரு முறை தட்டப் போய், அது 'இல்லை' ஆகிவிடும் என்று விரலை எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் நான் கணக்குப் பார்க்கிறவள். ஒன்றும் மிஞ்சாத வியாபாரம் நின்றுபோனால் அந்த நான்கு பெண்களின் கூலியும் அம்மாவின் கூலியும் நின்றுபோகும். அண்ணாச்சியின் தராசில் பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தேன். சரங்களைச் சுற்றி அம்மா வைத்திருந்த ஈர வாழை இலைகள் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தன. இலைக்குப் பதிலாக நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியில் சுற்றச் சொன்னேன். "இலையில்லாம பூவா? பாக்கவே மொட்டையா இருக்கும்" என்று அம்மா முறுக்கிக்கொண்டாள். பிறகு அவளே ஒரு பேரம் பேசினாள்: இலையை விட்டுத்தருவாள், பிடியை விட மாட்டாள். நான் ஒப்புக்கொண்டேன். அடுத்த மாதம் முதல் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கியது. பெரிய தொகை இல்லை. பள்ளியில் வாங்கியதன் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் என்னுடையது.

வியாழக்கிழமைகளில் பெட்டியை மூடும் முன் அம்மா இன்னமும் என்னைக் கூப்பிடுகிறாள். இப்போது நான் ஓரளவு பேசலாம். இருந்தாலும் அந்த நேரத்தில் நான் பேசுவதில்லை; அவள் பேசட்டும் என்று காத்திருக்கிறேன்.

"கடைசிச் சரம் இது" என்பாள். "வேன்காரன் வாசல்ல நின்னு கத்துதான். கத்தட்டும். கொஞ்சம் நீட்டியே அளக்கட்டா?"

நான் ஒருமுறை தட்டுவேன்.