மைத்துனரும் நானும் பிரேக்கைக் கழற்றிய கதை

கடல் தாண்டிப் போய், ஒரு தீவில் ரோஸ் பெல் என்ற ஊரில் மனைவியின் குடும்பத்தோடு நான் குடியிருந்தபோது, எனக்கும் மனைவியின் அண்ணனுக்கும் பொதுவாக ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பழைய ஜப்பான் வண்டி. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவர்தான் அதை வாங்க வைத்தார். காலையில் நான் அதில் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். மத்தியானம் அவர் பிளேன் மாக்னியன் விமான நிலையத்துக்குப் பெட்டி ஏற்றப் போவார். சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்துகொண்டிருந்த எண்பதுகளின் கடைசி அது. அவருக்கும் ஓய்வு குறைவு, வண்டிக்கும் ஓய்வு குறைவு.

முன் பிரேக் கத்த ஆரம்பித்தது. முதலில் கீச்சென்று மெல்லிய சத்தம். பிறகு இரும்பை இரும்பால் சுரண்டுகிற சத்தம். நான் பள்ளி வாசலில் நிறுத்தினால் வகுப்பே எட்டிப் பார்த்தது.

"மச்சான், தாங்கள் எந்நேரமும் பிரேக்கைப் பிடித்தபடி ஓட்டுகிறீர்கள். ஆகையால் அது தேய்ந்துவிட்டது" என்றார் மைத்துனர்.

வீட்டில் எல்லோரும் அந்தத் தீவின் மொழியான கிரியோல்தான் பேசுவார்கள். மாலை வகுப்பில் படித்த தமிழை அவர் எனக்காக மட்டும், மரியாதைக்காக எடுப்பார். அந்தச் சுத்தத் தமிழில் குற்றம் சாட்டினால் எரிச்சல் இரண்டு மடங்காகும்.

"நான் தேய்க்கிறேனா? நீங்க விமானத்தை நிறுத்துற மாதிரி ஒரே பிடியில பிடிக்கிறீங்க. அதான் போச்சு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கு விரித்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினோம். உள்ளே டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் இரண்டு பேடுகளில் ஒன்று தகடு தெரியும்வரை தேய்ந்திருந்தது. மற்றது ஏறக்குறையப் புதிது.

"கெத் சா!" என்று அவர் தேய்ந்ததைத் தூக்கிக் காட்டினார். பார் என்று அர்த்தம். "இது தங்களுடைய பக்கம்!"

"மச்சான், பிரேக்குல உங்க பக்கம், என் பக்கம்னு கிடையாது!"

காரணம் வேறு. காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்காக இருக்கும் இரண்டு ஊசிகளும் துருப்பிடித்து இறுகியிருந்தன. கரும்பு வெட்டும் பருவத்தில் லாரிகள் சாலையில் உதிர்த்துப் போகும் சேறெல்லாம் அங்கேதான் போய்க் கட்டியாகியிருந்தது. காலிப்பர் நகராததால் பாரமெல்லாம் ஒரே பேடின்மேல் விழுந்திருக்கிறது. இருவர்மீதும் தப்பில்லை என்று ஆனதில் இருவருக்குமே ஏமாற்றம்.

ஊசிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். அடுத்தது, பேடைத் தள்ளுகிற பிஸ்டன். பிரேக் கைப்பிடியை அழுத்தினால் அது கொஞ்சம் வெளியே வரும், சுற்றிலும் உள்ள அழுக்கைத் துடைக்கலாம். நான் அழுத்தினேன். அவர் குனிந்து பார்த்து, "அங்கோர்" என்றார். இன்னும். அழுத்தினேன். "அங்கோர்!"

"போதும், விழுந்துடும்."

"பா த்ரக்காசே, மச்சான்." கவலைப்படாதே என்று அர்த்தம். அதை அவர் சொன்னாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

பிஸ்டன் 'பொத்' என்று வெளியே வந்தது. எண்ணெய் பீய்ச்சியடித்து, அவர் வாரந்தோறும் பளபளவென்று துடைத்து வைக்கும் பெட்ரோல் டாங்கின்மேல் போய் விழுந்தது. பிரேக் எண்ணெய் பட்டால் பெயிண்ட் நிற்காது. நான் வாளித் தண்ணீரோடு ஓடி வருவதற்குள் அவர் துணியால் அழுத்தித் துடைக்க, சிவப்புப் பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். அதற்குப் பிறகு அவர் சொன்னது பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை எழுத முடியாது.

அத்தோடு விட்டாரா? பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைப் பெட்ரோலில் போட்டார். வேண்டாம், ரப்பர் உப்பிவிடும் என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் உப்பியிருந்தது. அது தன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. அவருக்கு அடுத்த விடுமுறை வரும்வரை இருவரும் பேருந்தில் போனோம், பேசிக்கொள்ளாமல்.

பாகங்கள் வாங்கப் போன அன்று மனைவியும் கூட வந்தாள். தையல் ஆலையில் வாரம் முழுக்க மெஷின் சத்தம் கேட்டவள், எங்கள் சத்தத்தையும் கடைவரை கேட்டுக்கொண்டு வந்தாள். கடைக்காரர் புது வளையத்தோடு இரண்டு வகை பேடுகளை எடுத்து வைத்தார். ஒன்று உலோகத்தூள் கலந்தது, கெட்டி, நாள்பட உழைக்கும். மற்றது மெத்து, சீக்கிரம் தேயும்.

"உழைப்பதே வேண்டும்" என்றார் மைத்துனர்.

"டிஸ்க்கு ஏற்கெனவே கீறிக் கிடக்கு. கெட்டி பேட் போட்டா அதையும் தின்னுடும். அப்புறம் டிஸ்க்கையும் மாத்தணும்" என்றேன்.

மறுபடி ஆரம்பித்தோம். கடைக்காரர் வேறொருவருக்குச் சங்கிலி விற்றுவிட்டு வந்தார். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேர் பின்னாலயும் உக்காந்து போறது நான்" என்றாள் மனைவி, என்னிடம் பழகிய தமிழில். பிறகு கடைக்காரரைப் பார்த்துக் கிரியோலில், கத்தாமல் நிற்கிற பேடைக் கொடுங்கள் என்றாள். அவர் மெத்தானதைக் கொடுத்தார்.

மாட்டி முடித்து, எண்ணெய் ஊற்றிக் காற்றெல்லாம் எடுத்தாயிற்று. ஆனால் பேடு அடங்குவதற்காகக் கடைசியாக ஒருமுறை பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தோம். அப்படித் தள்ளினால், கிளம்பும் முன் கைப்பிடியைப் பலமுறை அழுத்தி அதைத் திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மைத்துனர் ஏறிக் கிளப்பிவிட்டார்.

"மச்சான், பிரேக்கை அழுத்துங்க! அழுத்துங்க!"

அவர் அழுத்தினார், வாசலைத் தாண்டிய பிறகு. கைப்பிடி சும்மா போய்க் கம்பியில் ஒட்டியது. வண்டி தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கக் கரும்புக்குள் புகுந்து மறைந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

நான் ஓடினேன். கன்னத்தில் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு அவர் வெளியே வந்தார். வேறு அடியில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். நாலைந்து அழுத்தலில் அது கல்லாக இறுகியது.

"பிரேக் நன்றாகவே இருக்கிறது" என்றார். "தாங்கள் முன்னரே கூறியிருக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் என் தமிழும் போய்விட்டது. வண்டியை அங்கேயே அவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கைகழுவினேன். மறு வருஷம் அவர் தனக்கென்று ஒரு வண்டி வாங்கினார், டிஸ்க் பிரேக் இல்லாததாகப் பார்த்து.